பிணை என்னும் ஒரு சொல்: சீறா இசையரங்கு பற்றிச் சில எண்ணங்கள்

மேனாட்டார் 'ஆப்பரா' என்று வழங்கும் இசைநாடகத்தில் உரையாடல் பெரும்பாலும் பாட்டாகவே நடைபெறும். அரசனும் பாடுவான், ஏவலனும் பாடுவான், உயிர் பிரியும் தறுவாயில் இருப்பவனும் பாடிவிட்டே கண்ணை மூடுவான். கி.பி. 1600ஆம் ஆண்டை ஒட்டி இத்தாலியின் பிளாரன்சு நகரில் தோன்றிய இக்கலை, உடைக்கும் திரைச்சீலைக்கும் விளக்கொளிக்கும் பெரும்பொருள் செலவிடும் கலையாக வளர்ந்தது. ஆயினும் அதே நாடகத்தை வேடமும் திரையும் இன்றி நிகழ்த்தும் வழக்கமும் அங்கு உண்டு. பாடகர்கள் விழா உடையில், முன்னே ஏட்டை வைத்துக்கொண்டு, வரிசையாக நின்று பாடுவர். கீழே பள்ளத்தில் மறைந்திருக்கும் வாத்தியக் குழுவினர் அன்று மேடையிலேயே அமர்ந்திருப்பர். கதை முழுவதும் செவி வழியாகவே அவையோரைச் சென்றடையும்.

இதனைக் குறைபட்ட நாடகம் என்று கருதுவோர் உண்டு. தமிழ்நாட்டில் பிறந்து வளர்ந்த ஒருவர் அவ்வாறு கருத இடமில்லை. ஏனெனில், பாடிச் சொல்லும் நாடகம் நமக்குப் பழகிய பொருள். சீர்காழி அருணாசலக் கவிராயரின் இராம நாடகமும், கோபாலகிருஷ்ண பாரதியாரின் நந்தனார் சரித்திரமும் நாடகப் பாங்கில் அமைந்தவை. ஆயினும் ஒரே பாகவதர் நின்று எல்லாப் பாத்திரங்களுக்கும் தம் ஒரு குரலையே பகிர்ந்தளித்துப் பாடும் முறையிலேயே அவை பெரிதும் நிலைபெற்றன. நம் கொங்கு நாட்டில் அண்ணன்மார் கதையை உடுக்கடித்துப் பாடுவோர் பல இரவுகள் தொடர்ந்து பாடுவர். முன்பாட்டுக்காரர் ஒருவரும் பின்பாட்டுக்காரர் ஒருவருமாக ஒரு நாட்டையே கண்முன் நிறுத்திவிடுவர். கனடா நாட்டு ஆய்வாளர் பிரெண்டா பெக் அம்மையார் 1965இல் காங்கயம் வட்டாரத்தில் தங்கி அப்பாட்டை ஒலிநாடாவில் பதிவு செய்தார். நாடகப் பாட்டில் பயின்று பின்னர்த் திரைப்பாட்டில் புகழ்பெற்ற உடுமலை நாராயணகவி (1899–1981) இப்பகுதிப் பூளவாடியில் பிறந்தவரே. ஆகவே, அமராவதி ஆற்றங்கரையில் வாழ்வோர்க்குக் கேட்டு மகிழும் நாடகம் புதிதன்று.

நமக்கு உரிய அரங்கு

தமிழ் முஸ்லிம்களுக்கு இம்முறை மற்றவர்களைக் காட்டிலும் நெருக்கமானது. நபிகள் நாயகம் (ஸல்) அவர்களாக வேடம் புனைந்து எவரும் மேடையேறுவதை நம் மார்க்கம் ஒப்பாது. அருமைத் தோழர்களைப் பொறுத்தும் ஆலிம் பெருமக்களின் கருத்து பெரும்பாலும் அதுவே. அவ்வாறாயின் நம் வரலாற்றை நாடகச் சுவையோடு உணர்த்த நமக்குள்ள வழி என்ன? குரல் ஒன்றே. உருவப்படம் எழுதாத நம் சமுதாயத்திற்கு அண்ணலாரின் தோற்றத்தைக் காட்டுவதும் சொல்லே. ஹிஜ்ரத் பயணத்தின் இடையில் தம் கூடாரத்தில் தங்கிச் சென்ற விருந்தினர் எப்படியிருந்தார் என்று உம்மு மஃபத் அம்மையார் தம் கணவருக்கு விவரித்த சொற்களை ஸீரா நூல்கள் போற்றி வைத்துள்ளன. அந்தப் பாலைவனப் பெண்மணியின் சொல்லோவியமே நமக்குக் கிடைத்த படம்.

நம் முன்னோர் இதனை நன்கு உணர்ந்திருந்தனர். தமிழுக்கு முஸ்லிம் புலவர்கள் வழங்கிய புதிய இலக்கிய வகைகள் எனப் படைப்போர், முனாஜாத்து, கிஸ்ஸா, மசலா, நாமா ஆகிய ஐந்தைக் கூறுவர். இவற்றுள் மசலா என்பது வினாவும் விடையும். 1572இல் அரங்கேறிய ஆயிர மசலாவில் அப்துல்லாஹ் இப்னு ஸலாம் (ரலி) அவர்கள் கேட்க, அண்ணலார் (ஸல்) விடை பகர்கின்றனர். நூல் முழுவதும் இரு குரல்களின் உரையாடலாக நடக்கிறது. கிஸ்ஸாவோ பாடிச் சொல்வதற்கென்றே யாத்த கதை. ரமலான் மாதத்து ஸஹர் வேளையில் தப்ஸ் அடித்துக்கொண்டு தெருத்தெருவாகப் பாடி வந்த பக்கீர்சாக்களின் குரலில் நம் பாட்டிமார் பல கிஸ்ஸாக்களைக் கேட்டு மனப்பாடம் செய்தனர். எழுத்தறியாத அவர்கள் யூசுப் நபி (அலை) அவர்களின் வரலாற்றை அடி பிறழாமல் சொல்லக் கேட்டவர்கள் இன்றும் நம்மிடையே உள்ளனர்.

இவ்வகை இலக்கியங்கள் அனைத்திற்கும் மேலாக நிற்பது உமறுப்புலவரின் சீறாப்புராணம். விலாதத்துக் காண்டம், நுபுவ்வத்துக் காண்டம், ஹிஜ்றத்துக் காண்டம் என மூன்று காண்டங்களும், 92 படலங்களும், 5,027 விருத்தங்களும் கொண்ட பெருங்காப்பியம் அது. வள்ளல் சீதக்காதி தூண்ட, பரங்கிப்பேட்டை அபுல்காசிம் மரைக்காயர் துணைநிற்க, பதினேழாம் நூற்றாண்டில் உருவாகி, 1842இல் செய்கு அப்துல் காதிறு நயினார் லெப்பை ஆலிம் அவர்களின் முயற்சியால் முதன்முதல் அச்சேறியது. அச்சேறும் வரையிலும், அச்சேறிய பின்னரும், பெரும்பான்மை மக்கள் அதனைப் படித்தவர்களல்லர், கேட்டவர்களே. ரபீஉல் அவ்வல் மாதத்தில் ஒருவர் பாட, மற்றொருவர் பொருள் உரைக்க, ஊரார் கூடியிருந்து கேட்பர். பாடுவோரும் பொருள் கூறுவோரும் இருவராக இருந்தனர் என்பதை ஈண்டு நினைவில் இருத்துதல் வேண்டும். கட்டுரையின் பிற்பகுதியில் அது தேவைப்படும்.

இசை பற்றிய வினா

இத்தகைய அரங்குகளைப் பற்றி எழுதும்போது, இசை ஆகுமா என்ற வினாவைத் தாண்டிச் செல்ல இயலாது. நரம்புக் கருவிகளையும் துளைக் கருவிகளையும் ஹனபி, ஷாபிஈ ஆகிய இரு மத்ஹபுகளின் பெரும்பான்மை அறிஞர்களும் விலக்கினர். தஃபு என்னும் தோற்கருவிக்கு இடமளித்தனர். விலக்குக்கு ஆதாரமாகக் காட்டப்பெறும் ஹதீஸ்கள் வலுவற்றவை என வாதிட்ட இப்னு ஹஸ்ம் (ரஹ்) போன்றோரும் உளர். இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் இஹ்யாவின் இரண்டாம் பகுதியில் 'ஸமாஉ' எனப்படும் இசை கேட்டலுக்குத் தனி நூலே வகுத்து, கேட்கும் பொருளையும் கேட்போரின் உள்ளத்தையும் கொண்டு அதன் தகுதியை ஆராய்கின்றார்கள்.

எந்தக் கருத்தைப் பின்பற்றுவதாயினும் ஒன்று தெளிவு. கருவியின்றி மனிதக் குரலால் நற்பொருளைப் பாடுவதைப் பொதுவாக எவரும் தடுத்திலர். மேலும், இமாம் அவர்களின் அளவுகோல் திறனாய்வாளனுக்கும் பயன்படுவதே. என்ன கேட்டோம், கேட்டபின் உள்ளத்தில் என்ன தங்கியது என்னும் இரு வினாக்களையே அது கேட்கிறது. சென்ற ரபீஉல் அவ்வலில் அமராவதி நகரில் கேட்ட சீறா இசையரங்கை அவ்விரு வினாக்களாலேயே மதிப்பிட விழைகிறேன்.

அமராவதி நகரில்

அணைக்கட்டை ஒட்டிய சிற்றூர் அமராவதி நகர். 1957இல் அணையும் 1962இல் சைனிக் பள்ளியும் அமைந்தபின் பல ஊரார் வந்து தங்கிய இடம். அன்றிரவு உடுமலை, மடத்துக்குளம், தாராபுரம் பகுதிகளிலிருந்தும் குடும்பங்கள் வந்திருந்தன. நூற்பாலைகளில் பகல் முறை முடித்து அப்படியே வந்தவர்களும், திருப்பூரில் பனியன் தொழில் நடத்தும் சிலரும் இருந்தனர். பெண்களுக்குத் திரையிட்டுத் தனியிடம் ஒதுக்கியிருந்தனர். மேடையில் பாடகர் ஒருவர், பின்பாட்டுக்கு ஓர் இளைஞர், ஆர்மோனியம், தபலா, ஒரு தப்ஸ். எடுத்துக்கொண்ட பகுதி நுபுவ்வத்துக் காண்டத்தின் 'மானுக்குப் பிணைநின்ற படலம்'.

தேர்வு மிகப் பொருத்தமானது. கதையை அறியாதார் இலர். வேடன் ஒருவன் பெண்மான் ஒன்றைப் பிடித்துக் கட்டி வைத்திருக்கிறான். அவ்வழியே தோழர்களுடன் வரும் அண்ணலாரிடம் (ஸல்) அம்மான் முறையிடுகிறது. பசித்திருக்கும் தன் கன்றுக்குப் பாலூட்டிவிட்டு மீண்டு வருவதாகச் சொல்கிறது. காட்டுக்குள் ஓடிய விலங்கு மீள்வதுண்டோ என வேடன் நகைக்க, அண்ணலார் தாமே பிணையாக நிற்கின்றார்கள். மான் சென்று தன் இனத்தைக் கண்டு நடந்ததைக் கூறுகிறது, கன்றுக்குப் பாலூட்டுகிறது, கொடுத்த வாக்கின்படி கன்றோடு திரும்பி வருகிறது. வேடன் உள்ளம் மாறி ஈமான் கொள்கிறான். இந்நிகழ்ச்சியை இமாம் பைஹகீ (ரஹ்) தம் தலாயிலுன் நுபுவ்வாவில் எடுத்துரைத்துள்ளார்கள். அதன் அறிவிப்பாளர் தொடரை வலுவற்றதெனக் கொண்ட ஹதீஸ் கலை வல்லாரும் உண்டு. காப்பியச் சுவையைப் பேசுமிடத்தும் அதனை மறைக்க வேண்டியதில்லை. உமறுப்புலவர் சட்டம் வகுக்க இதனைப் பாடவில்லை; வாக்கின் மேன்மையை உணர்த்தப் பாடினார்.

வேடன், மான், மானின் இனம், கதை சொல்லும் புலவர் எனப் பல குரல்கள் இப்படலத்தில் உள. பாடகர் இவற்றைப் பகுத்த திறன் போற்றத்தக்கது. வேடனின் ஏளனத்தை அடாணாவில், குரலைச் சற்றே கடுமையாக்கிப் பாடினார். மானின் முறையீட்டை முகாரியில் அமைத்தார். கன்றின் பசியை மான் நினைக்கும் இடத்தில் தபலாவை நிறுத்தச் சொல்லி, பின்பாட்டுக்கார இளைஞரை மட்டும் மெல்லிய குரலில் இழுக்க விட்டார். திரைக்கு அப்பாலிருந்து விம்மல் ஒலி கேட்டது. அங்கிருந்த பெண்மணிகளுக்கு மேடை தெரியாது. பாடகரின் முகமும் தெரியாது. அவர்களை அழச் செய்தது தனிக் குரலே. காட்சியின்றி நாடகம் நிகழுமா என்பார்க்கு அந்த விம்மலே விடை.

அண்ணலாரின் (ஸல்) திருவாய்மொழி வரும் இடங்களில் அவர் கையாண்ட முறை இன்னும் சிறந்தது. அங்கே அவர் இராகத்தை விட்டுவிட்டார். ஆர்மோனியத்தின் மேல் கையை வைத்து ஒலியை அடக்கிவிட்டு, அவ்வடிகளைப் புத்தகத்திலிருந்து படிப்பவரைப் போல நிதானமாகச் சொன்னார். பாத்திரமாக நின்று பாடினால் நபியவர்களின் குரலைத் தாம் ஏற்றதாகிவிடும் என்ற பேணுதல் அதில் இருந்தது. அப்பேணுதலே கலையாகவும் ஆயிற்று. மற்றவர் எல்லாரும் பாட, அவ்வொரு குரல் மட்டும் பாட்டுக்கு வெளியே அமைதியாக ஒலித்தபோது, அவையில் குழந்தைகளின் சலசலப்பும் அடங்கிற்று. மார்க்க வரம்பு கலைக்குத் தடை என்று பேசுவோர் இதனைக் கேட்டிருக்க வேண்டும்.

இசுலாமியத் தமிழ்ப் பாடல்களைக் கருநாடக இசை மரபில் மேடையேற்றிய குமரி அபூபக்கர் அவர்களையும், தனிப்பாடல்களை ஊர்தோறும் ஒலிக்கச் செய்த நாகூர் ஈ.எம். ஹனீபா (1925–2015) அவர்களையும் கேட்டுப் பழகிய செவிகள் நம்முடையவை. அச்செவிகளுக்கும் அன்றைய குரல் குறையாகப் படவில்லை. குறை வேறிடத்தில் இருந்தது.

தவறிய இடம்

இப்படலத்தின் உயிர் 'பிணை' என்னும் ஒரு சொல். தமிழில் பிணை என்றால் பெண்மான். பிணை என்றால் ஒருவருக்காக மற்றொருவர் ஏற்கும் பொறுப்பு. பிணைத்தல் என்றால் கட்டுதல். கட்டுண்டு கிடப்பதும் பிணை. அதனைக் கட்டவிழ்க்க ஒருவர் கொடுக்கும் வாக்கும் பிணை. அவ்வாக்கினால் அவர் தாமே கட்டுப்படுவதும் பிணைப்பே. மானின் காலிலிருந்து கயிறு நீங்கியதும் அக்கயிறு காணாத வடிவில் அண்ணலார் மேல் விழுகிறது. அரபியில் இத்தகைய ஒரு சொல்லாட்சிக்கு வழியில்லை. தமிழ்ப் புலவர் ஒருவர் தம் தாய்மொழியில் கண்டெடுத்த பொருட்செல்வம் இது.

அன்றைய அரங்கில் அச்சொல் எவர் காதிலும் விழவில்லை. 'பி' என்பதைப் பிடித்துக்கொண்டு பாடகர் நெடுநேரம் ஆலாபனை செய்தார். 'ணை' என்பது தபலாவின் முழக்கத்தில் மறைந்தது. விருத்தத்தின் சீர்களைப் பொருள் நோக்கிப் பிரிக்காமல் இராகத்தின் வசதி நோக்கிப் பிரித்ததால், மானைக் குறிக்கும் பிணை எது, பொறுப்பைக் குறிக்கும் பிணை எது என்பது புலப்படவில்லை. பாடலுக்கு இடையே அவர் கூறிய வசனமோ நீண்டது. ஆயினும் அச்சொல்லைத் தொடாமல் கதையை மீண்டும் ஒருமுறை சொல்லிச் சென்றது. இறுதியில் திரைப்பட மெட்டொன்றில் துதிப்பாடல் ஒன்றும் சேர்த்தார். கைதட்டல் அதற்கே மிகுதி.

வீடு திரும்பும் வழியில் என் மனைவி கேட்டார்: "அந்த மான் திரும்பி வராமலே போயிருந்தால் நம் நாயகத்துக்கு என்னங்க ஆகியிருக்கும்?" மூன்று மணி நேரம் கண்ணீருடன் கேட்டவரின் வினா இது. இவ்வினாவுக்கு விடை சொல்வதற்காகவே உமறுப்புலவர் அப்படலத்தைப் பாடினார் என்றால் அது மிகையாகாது. அவ்விடை அவையை எட்டவில்லை.

மதரஸாவில் குதூரி பயிலும் மாணவன் அறிவான். ஃபிக்ஹு நூல்களில் 'கஃபாலா' என்று ஒரு பாடம் உண்டு. பொருளுக்குப் பிணை நிற்பது ஒன்று. ஆளுக்குப் பிணை நிற்பது மற்றொன்று. ஆளுக்குப் பிணை நின்றவர் குறித்த வேளையில் அந்த ஆளைக் கொண்டுவந்து நிறுத்த வேண்டும். கடமையிருந்தும் தவறினால், நீதிபதி பிணை நின்றவரையே தடுத்து வைக்கலாம் என்பது ஹனபிச் சட்டம். மான் தன் இனத்தாரிடையே நின்றபோது அதன் முன்னிருந்த வினா தன் உயிர் பற்றியது மட்டுமன்று. தான் தங்கிவிட்டால், தனக்காக நிற்பவர் வேடன் முன் வாக்குத் தவறியவராக நிற்க நேரும். பாலூட்டும் தாய் தன் கன்றைவிட அந்த வாக்கைப் பெரிதாக எண்ணினாள். இதுவே படலத்தின் நாடகம். இது தெரியாமல் கேட்டால் எஞ்சுவது பேசும் மானைப் பற்றிய ஒரு வியப்புக் கதையே.

இதனை உணர்த்த நீண்ட விளக்கம் தேவையில்லை. 'ஜாமீன்' என்ற ஒரு சொல்லை அப்பாடகர் ஒருமுறை உச்சரித்திருந்தால் போதும். நாம் அன்றாடம் வழங்கும் அச்சொல் அரபியின் 'ளாமின்' என்பதே. பொறுப்பேற்பவன் என்று பொருள். அன்று அவையிலிருந்தோர் யார்? நூலைக் கடனுக்கு எடுத்து, துணியாக்கி, தைத்தனுப்பி, பணம் கைக்கு வரும்வரை ஒருவர் வாக்கை மற்றொருவர் நம்பி வாழும் தொழிலைச் சேர்ந்தவர்கள். மைத்துனருக்காகக் கையெழுத்திட்டு, அவர் ஊரைவிட்டுப் போனபின் தம் வீட்டை விற்றுக் கடனடைத்தவரும் அவர்களிடையே இருந்திருப்பார். அவருக்கு ஜாமீன் என்ற சொல் போதும். மான் திரும்பி வரும் இடத்தில் அவர் உள்ளம் என்ன பாடுபடும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. ஆயிரம் பேருக்குத் தெரிந்த பொருளை அவர்கள் முன் வைத்திருந்தும், அதற்கும் அவர்களுக்கும் இடையே ஆலாபனை நின்றுவிட்டது.

கடல் கடந்த ஓர் ஒப்புமை

ஒரு சொல்லின் மேல் ஓர் இசைநாடகம் நிற்கக்கூடும் என்பதற்கு அண்மைக் காலத்து எடுத்துக்காட்டு ஒன்று அமெரிக்காவில் உள்ளது. அங்குள்ள சார்ல்ஸ்டன் நகரில் 2022ஆம் ஆண்டு மே மாதம் 'உமர்' என்னும் ஆப்பரா அரங்கேறியது. பாட்டை எழுதியவர் ரியானன் கிடன்ஸ் அம்மையார். அவரும் மைக்கேல் ஏபல்ஸ் என்பாரும் சேர்ந்து இசையமைத்தனர். 2023இல் இசைக்கான புலிட்சர் பரிசு அதற்குக் கிடைத்தது. அதன் நாயகர் நம்மவர். மேற்கு ஆப்பிரிக்காவின் ஃபூத்தா தோரோ பகுதியில் 1770 வாக்கில் பிறந்து, இருபத்தைந்து ஆண்டுகள் மார்க்கக் கல்வி தேடிய உமர் இப்னு சயீத் என்னும் ஆலிம். 1807இல் பிடிபட்டு அதே சார்ல்ஸ்டனில் அடிமையாக விற்கப்பட்டார். கொடிய எசமானிடமிருந்து தப்பியோடி, பயட்டவில் என்னும் ஊரில் சிறைப்பட்டபோது, சுவரில் அரபி எழுதினார். அதைக் கண்டு வியந்த மக்களிடையிலிருந்து வேறோர் எசமானிடம் சென்று சேர்ந்தார். 1831இல் தம் வரலாற்றை அரபியில் எழுதினார். விடுதலை காணாமலே 1860களில் மறைந்தார். அக்கையெழுத்துப்படி இன்று வாஷிங்டனிலுள்ள காங்கிரசு நூலகத்தில் உள்ளது. 2019 முதல் அதன் படங்களை உலகின் எம்மூலையிலிருந்தும் காணலாம்.

தன் வரலாற்றைச் சொல்லப் புகுந்த அந்த அடிமை, பிறப்பையும் ஊரையும் கூறித் தொடங்கவில்லை. நினைவிலிருந்து ஸூரத்துல் முல்க்கை எழுதித் தொடங்குகிறார். 'முல்க்' என்றால் ஆட்சி, உடைமை. அதே வேரில் பிறந்தது 'மாலிக்', உடையவன். அதே வேரில் பிறந்தது 'மம்லூக்', உடைமையாக்கப்பட்டவன், அதாவது அடிமை. ஆட்சியெல்லாம் இறைவன் கையில் என்று கூறும் அத்தியாயத்தைத் தம் எசமானரின் நாட்டில், அவர்களுக்குப் புரியாத எழுத்தில் முதலில் வைத்தார் உமர். என்னை உடைமை என்கிறீர்களே, உடையவன் யார் என்ற வினா அவ்வொரு சொல்லில் அடங்கியிருக்கிறது. அவர் கிறிஸ்தவத் தேவாலயத்தில் சேர்க்கப்பட்டார் என்பது பற்றி அறிஞரிடையே இன்றும் வாதம் நடக்கிறது. அவ்வாதத்தில் அந்த அத்தியாயமும் ஒரு சான்று.

அந்த ஆப்பராவில் பாட்டு பெரும்பாலும் ஆங்கிலம். அரபி எழுத்தின் ஆற்றலை அவையோர்க்கு உணர்த்த, முதல் அரங்கேற்றத்தில் திரைகளிலும் உடைகளிலும் எழுத்துகளையே வரைந்து நிறைத்தனர். சொல்லைச் செவிக்குக் கொடுக்க இயலாத இடத்தில் கண்ணுக்குக் கொடுத்தனர் எனலாம். அவர்களுக்குத் திரையும் உடையும் இருந்தன. நமக்கு அவை இல்லை. ஆனால் அவர்களுக்கு இல்லாத வாய்ப்பொன்று நமக்கு இருக்கிறது. காப்பியத்தின் மொழியும் கேட்போரின் மொழியும் ஒன்றே. சீறாவின் 'பிணை' நம் தாய்மொழிச் சொல். வேற்று மொழியினரான அவர்கள் ஓர் ஆலிமின் எழுத்துக்கு அளித்த மதிப்பை, நம் மொழிக் காப்பியத்தின் சொல்லுக்கு நாம் அளிக்கத் தவறுவது பொருந்துமா?

செய்ய வேண்டுவன

சீறா அரங்குகள் நம் ஊர்களில் அருகி வருகின்றன. நிகழும் சிலவும் பாட்டுக் கச்சேரிகளாக மாறி வருகின்றன. இதற்குப் பாடகர்களை மட்டும் குறை கூறுதல் முறையன்று. மதரஸாக்களில் அரபி பயில்வோர்க்குத் தமிழ்க் காப்பியம் அறிமுகமாவதில்லை. கல்லூரிகளில் தமிழ் பயில்வோர்க்குக் கஃபாலா என்றால் என்னவென்று தெரிய வழியில்லை. சீறாவோ இவ்விரு கல்வியும் கலந்த இடத்தில் பிறந்த நூல். ஒரு கையால் அதனைத் தூக்க இயலாது.

முன்னோர் முறையே இதற்கு மருந்து. பாடுவோர் ஒருவர், பொருள் கூறுவோர் ஒருவர் என இருவர் அமர வேண்டும். பாடகர் விருத்தத்தை முதலில் ஒருமுறை சீர் பிரித்து, இசை சேர்க்காமல் சொல்லட்டும். ஆலிம் ஒருவர் நான்கே வாக்கியங்களில் அதன் உயிர்ச்சொல்லை எடுத்துக் காட்டட்டும். அதன் பின்னர்ப் பாடகர் தம் இசைத்திறத்தை விரும்புமளவு காட்டலாம். அப்போது ஆலாபனையும் பொருளோடு சேர்ந்தே ஒலிக்கும். ஓரிரவுக்கு ஒரு படலம் போதும். கருவி பற்றித் தயக்கமுள்ள ஊர்களில் தப்ஸ் ஒன்று போதும். அதுவும் வேண்டாமெனில் குரல் போதும். திரைப்பட மெட்டுகள் வேண்டா. பெண்மணிகளின் பகுதியில் ஒலி தெளிவாகச் சென்று சேர்கிறதா என்பதை முதலில் கவனிக்க வேண்டும். நம் பிள்ளைகளுக்கு இக்கதைகளைச் சொல்லப் போகிறவர்கள் அவர்களே.

அப்பாடகரிடம் இவற்றைச் செய்யும் ஆற்றல் உண்டு. நபிமொழி வரும் இடத்தில் ஆர்மோனியத்தை அடக்கியவருக்கு, 'பிணை' வரும் இடத்தில் தபலாவை அடக்குவது அரிதன்று. அவர் போன்றோருக்கு ஊர்தோறும் அவை அமைத்துக் கொடுப்பதும், அருகே ஓர் ஆலிமை அமர்த்துவதும் ஜமாஅத்தார் கடமை. என் மனைவிக்கு அன்றிரவு நான் வழியிலேயே விடை சொன்னேன். அவ்விடையை ஆயிரம் குடும்பங்களுக்கு வீட்டில் சொல்ல ஆளிராது. அரங்கே சொல்ல வேண்டும். அடுத்த ரபீஉல் அவ்வலில் அத்தகைய அரங்கொன்றைக் கேட்கும் பேற்றை அல்லாஹுத் தஆலா நமக்கு நல்குவானாக. ஆமீன்.